கம்ப்ரசர் கிளம்பும் நேரம்

10 எச்.பி. கம்ப்ரசரை ஓட்ட எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர் வேண்டும் என்று 2012-இல் திருப்பூரில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும். இரண்டு பேர் சொல்வது ஒன்றாக இருக்காது. 25 போதும் என்றார் பழைய ஜெனரேட்டர் வாங்கி விற்கும் புரோக்கர். 40 இல்லாமல் முடியாது என்றார் பக்கத்துச் சந்தில் எம்பிராய்டரி போட்டிருந்தவர். கண்ணை மூடிக்கொண்டு 62.5 போட்டுவிடுங்கள், ஆயுசுக்கும் கவலையில்லை என்றார் கோவையிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதி. மூவரும் தொழில் தெரிந்தவர்கள்தான். ஆனால் கம்பெனியின் பின்பக்க மூலையில் கம்ப்ரசர் நின்ற இடத்துக்குப் போய் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசியவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

கம்பெனி என் மாமாவுடையது. அங்கேரிப்பாளையம் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கட்டடம். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து முப்பது மெஷின். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் வாங்கித் தைத்துக் கொடுப்போம். நான் கணக்கும் பார்ப்பேன், கரண்ட் சம்பந்தப்பட்டதையும் பார்ப்பேன். டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் படித்திருந்தேன். அதனால் ஃபியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், டைப்பாய்டு காய்ச்சல் வந்தவருக்கு ஆஸ்பத்திரி பில் கட்டவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

வெறும் பனியன் தைத்தவரை எங்களுக்குக் கம்ப்ரசர் தேவைப்படவில்லை. 2011-இல் ஐரோப்பாவுக்குப் போகும் கைக்குழந்தை உடுப்பு கிடைத்தது. ரோம்பர் என்பார்கள். கால் இடுக்கில் மூன்று ஸ்னாப் பட்டன், தோளில் இரண்டு. டயப்பர் மாற்றும்போது தாய் ஒரு கையால் இழுத்தால் திறக்க வேண்டும், குழந்தை இழுத்தால் பிய்ந்து வரக்கூடாது. பிய்ந்தால் அது நேரே வாய்க்குத்தான் போகும். அதனால் பையர் தரப்பில் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். பட்டனைக் கவ்விப் பிடித்து 90 நியூட்டன் விசையில் இழுப்பார்கள், கிட்டத்தட்ட 9 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். பத்து விநாடி தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அந்த லாட் முழுவதும் நிற்கும்.

பட்டன் பிடிப்பது காற்றை நம்பித்தான் இருந்தது. மேல் வளையத்தின் பற்கள் துணியைத் துளைத்து வந்து கீழ்ப்பகுதிக்குள் சுருண்டு மடங்க வேண்டும். மெஷினுக்கு 6 கிலோ அழுத்தத்தில் காற்று சீராக வந்தால் ஐந்து பல்லும் ஒரே மாதிரி மடங்கும். 4 கிலோவுக்கு இறங்கினால் வெளியே பார்க்கப் பட்டன் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இரண்டு பல் பாதியில் நிற்கும். பட்டன் மெஷினில் உட்கார்ந்த அக்கா தேனிப் பக்கத்துக்காரர். அழுத்தும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். “தம்பி, காத்து எறங்குது, வந்து பாருப்பா” என்று அவர் குரல் கொடுத்த பிறகு நான் கேஜைப் போய்ப் பார்த்தால் முள் இறங்கிக்கொண்டிருக்கும். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பீஸ் ரேட். மெஷின் நின்றால் சனிக்கிழமைக் கவரில் அந்த நேரம் குறைந்திருக்கும். கம்பெனியில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஜெனரேட்டர் வாங்குவதை முதலாளிமாரின் செலவுக் கணக்காக மட்டும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் எனக்கு வலித்தது இதுதான்.

கரண்ட் விஷயம் 2008-இலேயே கெட ஆரம்பித்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் அரசு மின்கட்டுப்பாட்டை முறையாக அறிவித்தது. மாலை 6 மணி முதல் 10 மணி வரை பெரிய ஆலைகள் மெஷின் ஓட்டத் தடை, உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு என்றெல்லாம் வந்தது. எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு நாளொன்றுக்குச் சில மணி நேரம் போகும், வரும். 2009-இல் மாமா பழைய 25 கே.வி.ஏ. செட் ஒன்று வாங்கி வைத்தார். மெஷினும் லைட்டும் அதில் தாராளமாக ஓடின. கம்ப்ரசர் வந்த பிறகும் பெரிய சங்கடம் தெரியவில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் தையல் மட்டும் நடக்கும், கரண்ட் வந்ததும் பட்டன் அடிப்பார்கள்.

2012 ஐப்பசியில் அந்த ஏற்பாடு உடைந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று அடிக்கும், பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைகள் சுற்றும். அந்தச் சமயம் தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்தத் திறன் ஏறத்தாழ 7,000 மெகாவாட். காற்று நின்றதும் அத்தனையும் நின்றுவிடும். மாநிலத்தின் பற்றாக்குறை 4,000 மெகாவாட் என்று பேப்பரில் வந்தது. வடக்கே வாங்கிக்கொள்ளலாம் என்றால் தென்மாநிலங்களின் மின்தொகுப்பு அப்போது மற்ற இந்தியாவோடு முழுதாக இணையவில்லை, கொண்டுவரும் பாதை குறுகல். ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் பாதை ஓடத் தொடங்கி நாடு முழுக்க ஒரே தொகுப்பானது 2013 டிசம்பர் 31-இல்தான். அதுவரை சென்னைக்கு ஒரு கணக்கு, மற்ற மாவட்டங்களுக்கு ஒரு கணக்கு. எங்களுக்கு ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் போகும். சில நாள் அதுவும் இல்லை.

சந்துக்குள் காலை எட்டரைக்கு நடந்தால் வீட்டு வாசலுக்கு வாசல் ஜெனரேட்டர். அப்போதே 2005-க்குப் பிறகு தயாரித்த செட்டுகள் ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 75 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக்கூடாது என்று விதி இருந்தது. கூண்டு போட்ட புது செட்டுகள் அதற்குள் அடங்கின. சந்தில் பாதி அதற்கு முந்தையவை. டீக்கடையில் பேச வேண்டும் என்றால் காதுக்குப் பக்கத்தில் வந்து பேச வேண்டும். அந்தச் செப்டம்பரில்தான் டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியிருந்தது. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட் கிடைக்கும். இ.பி. கரண்டோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கு மேல் செலவு. ஜாப் ஒர்க் ரேட்டை யாரும் அதற்காக ஏற்றித் தரவில்லை.

அரை நாள் கரண்ட் இல்லாதபோது பட்டனைத் தள்ளிப்போட முடியாது. கம்ப்ரசரை ஜெனரேட்டரில் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டோம். சுவிட்சை அமுக்கியதும் இன்ஜின் அடிவயிற்றிலிருந்து முக்கியது. டியூப் லைட் எல்லாம் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. பேனலில் கான்டாக்டர்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. தைத்துக்கொண்டிருந்த மெஷின்கள் பாதித் தையலில் இழுபட்டு நின்றன. ஓவர்லாக்கில் ஊசி உடைந்த சத்தம் வரிசையாகக் கேட்டது. கம்ப்ரசரின் பெல்ட் இரண்டு சுற்றுச் சுற்றியது, பிறகு மோட்டார் உறுமிக்கொண்டே நின்றது. ஓவர்லோட் ரிலே தட்டிவிட்டது.

அதற்குப் பிறகுதான் புரோக்கர், எம்பிராய்டரிக்காரர், விற்பனைப் பிரதிநிதி எல்லாம் வந்தார்கள். பிரதிநிதி சொன்ன கணக்கு புத்தகப்படி சரியானது. 10 எச்.பி. மோட்டார் ஓடும்போது 14 ஆம்பியர் இழுக்கும். நேராக லைனில் போட்டுக் கிளப்பினால் அந்த முதல் கணம் ஆறேழு மடங்கு, 90 ஆம்பியரைத் தொடும். 415 வோல்ட்டில் அது 60 கே.வி.ஏ.வுக்கு மேல். ஆகவே 62.5. விலை வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மாமா இரண்டு நாள் தூங்கவில்லை. “என்ன மாப்ளே, காத்தடிக்கற ஒரு டப்பாவுக்காக இத்தன பெருசு வேணுமா?” என்று கேட்டார். எனக்குச் சந்தேகம் இருந்தது, பதில் இல்லை. எங்கள் கம்ப்ரசரில் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தது. அது இருக்கும்போது 90 ஆம்பியர் ஏன் வர வேண்டும்?

சோமனூரிலிருந்து காயில் கட்டுகிற அண்ணன் ஒருவரை அழைத்து வந்தேன். விசைத்தறி மோட்டார்களுக்குக் காயில் கட்டியே முடி நரைத்தவர். கையில் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் தவிர வேறெதுவும் கொண்டுவரவில்லை. ஜெனரேட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கம்ப்ரசரிடம் போனார். கரண்ட் இருந்த நேரம் அது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. கை கட்டி நின்று கேட்டார். காற்று நிறைந்து பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தியது.

“ஏனுங் மொதலாளி, நின்ன ஒடனே புஸ்ஸுனு ஒரு சத்தம் வரோணுமே, வருதுங்களா?”

மாமா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு சத்தம் நாங்கள் கேட்டதே இல்லை.

“அது வரலீன்னா ஜெனரேட்டரப் பத்திப் பேசறதுல ஒரு பிரயோஜனமும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.

பிஸ்டன் கம்ப்ரசரில் தலைப்பகுதியிலிருந்து டேங்குக்குப் போகும் வழியில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு இருக்கும். டேங்கில் ஏறிய காற்று திரும்பி வராமல் அது தடுக்கும். மோட்டார் நின்றதும், அந்த வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட காற்றை ஒரு மெல்லிய குழாய் வழியே பிரஷர் சுவிட்சில் உள்ள சிறு வால்வு வெளியே விட்டுவிடும். அந்தப் புஸ் சத்தம் அதுதான். அது வெளியேறிவிட்டால் அடுத்த முறை பிஸ்டனுக்கு எதிரே அழுத்தம் இல்லை, மோட்டார் சும்மா சுற்றிக் கிளம்பும், வேகம் பிடித்த பிறகு சுமை ஏறும்.

எங்களுடையதில் அந்த மெல்லிய குழாயின் வாயில் யாரோ ஒரு மெக்கானிக் சின்ன ஸ்க்ரூ ஒன்றை முறுக்கி அடைத்து மேலே பச்சைப் பெயிண்ட் பூசியிருந்தார். அண்ணன் அதை நகத்தால் சுரண்டிக் காட்டினார். நான் ரிட்டர்ன் வால்வின் தட்டு தேய்ந்திருக்கிறது. அதனால் டேங்குக் காற்று திரும்பி வந்து அந்தக் குழாய் வழியே ஓயாமல் கசிந்திருக்கும். வால்வை மாற்றுவதற்குப் பதில் சத்தம் வந்த இடத்தை அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் டேங்கில் நிற்கும் 6 கிலோ அழுத்தத்தைப் பிஸ்டன் தலையில் வைத்துக்கொண்டுதான் மோட்டார் கிளம்பியிருக்கிறது.

பிறகு அவர் சொன்னதை நான் டிப்ளமோவில் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். அந்த மூலையில் கேட்டபோதுதான் மனதில் ஏறியது. ஸ்டாரில் கிளப்பும்போது லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒன்றாகிறது. அதோடு மோட்டாரின் திருப்புவிசையும் மூன்றில் ஒன்றாகிறது. சும்மா சுற்ற அது போதும், 6 கிலோவை எதிர்த்துச் சுற்றப் போதாது. மோட்டார் தவழ்ந்துகொண்டிருக்கும்போதே டைமர் டெல்டாவுக்கு மாற்றிவிடும். நிற்கிற மோட்டாரை நேராக லைனில் போட்டதற்குச் சமம். 90 ஆம்பியர் அப்போது வரும். இ.பி. லைனில் பின்னால் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது, கேட்டதைக் கொடுத்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. 25 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டரிடம் கேட்டால் அது வோல்ட்டேஜைக் கைவிட்டுவிடும். வோல்ட்டேஜ் குறையக் குறைய மோட்டாரின் திருப்புவிசை அதைவிட வேகமாகக் குறையும். பிறகு கிளம்பவே கிளம்பாது.

“பாரம் ஏத்துன வண்டிய மேட்டுல நிறுத்திப்போட்டு மாட்ட அடிச்சா என்ன தம்பி ஆகும்? காங்கேயங் காளையா இருந்தாலும் மண்டி போட்டுரும். பாரத்த எறக்கு, மாடு நாலு எட்டு வெக்கட்டும், அப்பறம் ஏத்திக்க” என்றார்.

வால்வுத் தட்டு மாற்றினோம். குழாயைச் சுத்தம் செய்து ஸ்க்ரூவை எடுத்து அவரே ஜன்னலுக்கு வெளியே வீசினார். டைமர் 3 விநாடியில் இருந்தது, 7 விநாடிக்கு வைத்தார். மோட்டார் ஸ்டாரிலேயே நன்றாக வேகம் பிடித்த பிறகுதான் டெல்டா விழ வேண்டும் என்பது அவர் கணக்கு. விநாடியைப் புத்தகத்தில் பார்த்து வைக்கவில்லை, மோட்டார் சத்தத்தைக் கேட்டு வைத்தார். டாங் டெஸ்டர் முள் முன்பு கடைசிவரை போய் இடித்துக்கொண்டிருந்தது. இப்போது 30-ஐத் தாண்டித் துள்ளி இறங்கியது. ஸ்டாரில் கிளம்பும்போது எங்களுக்கு வேண்டியது 20 கே.வி.ஏ.வை ஒட்டித்தான். 62.5 என்ற எண் அந்த ஸ்க்ரூவுக்குள்தான் இருந்திருக்கிறது.

அவர் அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ஒரு மெஷினும் ஓடாத, ஒரு ஆளும் இல்லாத கம்பெனியில் கம்ப்ரசரை மட்டும் போட்டு நிறைத்துவிட்டு உட்கார்ந்தோம். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை, ஆனாலும் சிறிது நேரத்தில் கம்ப்ரசர் தானே கிளம்பியது. மறுபடி நின்றது, மறுபடி கிளம்பியது. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு லைன் நெடுகப் போனேன். பட்டன் மெஷினின் ஓஸ் முனையில் நுரை பொங்கியது. அழுக்கு நீக்கும் கன் மாட்டியிருந்த இடத்தில் கையை வைத்தாலே காற்றுத் தெரிந்தது. சுவரோரம் யாரும் கவனிக்காத ஒரு டீ ஜாயின்ட்டில் இரண்டு இடம். 7 கிலோ அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு 20 கன அடிக்கு மேல் காற்றை விட்டுவிடும். ஒரு எச்.பி.க்கு நிமிடத்துக்கு 4 கன அடி கிடைத்தால் அதிகம். 10 எச்.பி.யில் பாதி அந்த ஒரு ஓட்டைக்கே போய்விடும். டீசல் போட்டுத் தயாரித்த காற்றைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதைவிட முக்கியம், கசிவு இருந்தால் கம்ப்ரசர் அடிக்கடி கிளம்பும். ஜெனரேட்டரை வருத்துவது கம்ப்ரசர் ஓடுகிற நேரமில்லை, கிளம்புகிற நேரம். கசிவை அடைத்தால் அந்தக் கிளம்பல்கள் குறைகின்றன.

இதையெல்லாம் முடித்த பிறகு ஜெனரேட்டரைப் பற்றிப் பேசினோம். மெஷின்கள் 12 கிலோவாட், லைட்டும் ஃபேனும் 3, கம்ப்ரசர் ஓடும்போது எட்டரைக்கு மேல். ஆக 24. பழைய 25 கே.வி.ஏ. செட் முழுச் சுமையில் கொடுப்பதே 20 கிலோவாட்தான். அதனால் அது போக வேண்டும் என்பதில் இனிச் சந்தேகமில்லை. 30 என்றால் சரியாக 24 கிலோவாட். சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குப் பக்கத்தில், நாள் முழுக்க நூறு சதவீதச் சுமையில் எந்த இன்ஜினை ஓட்டுவது? 40 என்றால் 32 கிலோவாட், எங்கள் சுமை அதில் முக்கால். டீசல் இன்ஜின் நன்றாக எரிந்து நன்றாக உழைக்கும் இடம் அந்த முக்கால் பக்கம்தான். மற்ற சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசர் ஸ்டாரில் கிளம்பினாலும் ஆல்டர்னேட்டர் தாங்கும்.

62.5 வாங்கினால் என்ன கெடும் என்று மாமா கடைசியாக ஒருமுறை கேட்டார். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்பது எல்லோருக்கும் தோன்றுவது. எங்கள் கம்பெனியில் மாலை ஆறுக்கு மேல் செக்கிங், பேக்கிங் மட்டும் நடக்கும், நாலைந்து மெஷின் ஓடும். 62.5 செட்டுக்கு அது பத்தில் ஒரு பங்குச் சுமைகூட இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே மாதக்கணக்கில் ஓடும் டீசல் இன்ஜினில் சூடு பிடிக்காது, டீசல் முழுதாக எரியாது, கரி படியும். சைலன்சர் வாயில் கருப்பாக எண்ணெய் வடிவதைச் சந்தில் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இன்ஜின் கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். வேலையே கொடுக்காமல் ஓட்டியதால் வந்த வினை அது.

வாங்குவதற்கு முன் ஓட்டிக் காட்டச் சொன்னோம். கடைகளில் செட்டைச் சோதித்துக் காட்ட ஹீட்டர் லோடு வைத்திருப்பார்கள். சுவிட்ச் போட்டதும் மீட்டரில் ஆம்பியர் ஏறும், வோல்ட்டேஜ் அசையாது, பார்ப்பவருக்கு மனம் குளிர்ந்துவிடும். ஹீட்டருக்குக் கிளம்பும் கணம் என்று ஒன்று கிடையாது. அது கேட்பதை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஒரே அளவாகக் கேட்கும். மோட்டாருக்காக வாங்கும் செட்டை ஹீட்டரில் பார்த்து வாங்குவது எனக்குச் சம்மதமில்லை, இன்றுவரை. உங்கள் செட்டை எங்கள் சந்துக்குக் கொண்டுவந்து எங்கள் கம்ப்ரசரைக் கிளப்பிக் காட்டுங்கள் என்றேன். சிலர் அதற்கெல்லாம் ஆள் இல்லை என்றார்கள். ஒருவர் ஒப்புக்கொண்டார். லாரியில் ஏற்றிய 40 கே.வி.ஏ. செட் பின்பக்கமாகச் சந்துக்குள் வந்தபோது, எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியை உள்ளே போகச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவு நெருக்கம்.

கேபிள் இழுத்தோம். டெய்லர்கள் எல்லோரையும் மெஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் தைக்கச் சொன்னோம். நான் வோல்ட் மீட்டரின் முன், அண்ணன் ஸ்டார்ட்டரின் முன், தேனி அக்கா பட்டன் மெஷினில். டேங்கில் 6 கிலோ இருக்கும்போதே கிளப்பினார், கடினமான நிலையில்தான் பார்க்க வேண்டும் என்று. 415-இல் நின்ற முள் 350-க்கு இறங்கி ஏறியது. லைட் ஒருமுறை மங்கியது. இன்ஜின் குரல் தாழ்ந்து மீண்டது. ஒரு மெஷினும் நிற்கவில்லை. டெல்டா விழுந்தபோது ஒரு சின்னத் துள்ளல், அவ்வளவுதான். அக்கா அன்றைய தேதி எழுதிய துணித் துண்டில் பத்துப் பட்டன் அடித்து, இழுத்துப் பார்க்கும் கேஜில் ஒவ்வொன்றாக மாட்டினார். பத்தும் தாங்கின. மாமா அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தார்.

செட் நிலைக்கு வந்தபின் ஒரு ஒழுங்கு வைத்தோம். கரண்ட் போனதும் சேஞ்ச் ஓவரைத் திருப்புவதற்கு முன் மெஷின் லைன் எம்.சி.பி.க்கள் எல்லாம் ஆஃப். இன்ஜின் சூடாக ஒரு நிமிடம். முதலில் கம்ப்ரசர். அது டெல்டாவில் நின்ற பிறகு ஓவர்லாக் வரிசை, அப்புறம் பேட்லாக், அப்புறம் சிங்கர். கரண்ட் திரும்பி வந்தாலும் இதே வரிசைதான். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை இப்படி மாற்ற வேண்டியிருந்த அந்தக் குளிர்காலத்தில், ஒவ்வொரு மாற்றமும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்ததால் பீஸ் ரேட்டுக்காரர்களின் சனிக்கிழமைக் கவர் பழைய கனத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. ஏறக்குறையதான். கரண்ட் கட்டால் போனது முழுவதையும் எந்த ஜெனரேட்டரும் திருப்பித் தரவில்லை. ஜாப் ஒர்க் குறைந்து பக்கத்தில் சில கம்பெனிகள் மூடின. அங்கிருந்தவர்கள் மதுரைக்கும் தேனிக்கும் பஸ் ஏறிப் போனார்கள், சிலர் திரும்பி வரவில்லை. அந்த வருடங்களைத் திருப்பூரின் சாதனைக் கதைகளில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காயில் கட்டும் அண்ணன் அதன்பிறகு எங்கள் சந்திலேயே பல நாள் வேலை பார்த்தார். நான்தான் அழைத்துப் போவேன். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் கதை வேறாகவும் காரணம் ஒன்றாகவும் இருந்தது. ஓரிடத்தில் டைமர். ஓரிடத்தில் பெல்ட்டை வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் காற்றை இழுக்கும் ஃபில்டரில் பஞ்சு அடைத்துப் பிஸ்டன் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. பனியன் ஊரில் பஞ்சு போகாத இடமில்லை. புது ஜெனரேட்டருக்குக் கடன் எழுதி வைத்திருந்த ஒருவர், இருந்த செட்டே போதும் என்று தெரிந்ததும் அண்ணனுக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் கூலி என்று எங்களிடம் வாங்கியது ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டும் காசுகூட இல்லை. இப்படிப்பட்ட ஆட்களை நம்பித்தான் இந்த ஊர் கோடிக்கணக்கான ரூபாய்க்குத் துணி அனுப்புகிறது, அவர்களுக்கு ஒரு விசிட்டிங் கார்டு கூடக் கிடையாது.

2013-இல் புது அனல்மின் அலகுகள் வந்தன, அந்த அக்டோபரில் கூடங்குளத்தின் முதல் அலகு தொகுப்பில் இணைந்தது. 2015 ஜூனில் மின்கட்டுப்பாட்டை அரசு முழுவதும் விலக்கிக்கொண்டது. கிளட்ச் மோட்டார் போய் மெஷின்களில் சர்வோ மோட்டார் வந்தது. மிதிக்கும்போது மட்டும் கரண்ட் எடுப்பதால் தையல் வரிசையின் சுமை பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய இடங்களில் ஸ்க்ரூ கம்ப்ரசரும், வேகத்தை மெல்ல ஏற்றிக் கிளப்பும் டிரைவும் இருக்கின்றன. அங்கே கிளம்பும் கரண்ட் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் சந்துகளில் பிஸ்டன் கம்ப்ரசர்தான் இன்னமும். தையல் சுமை குறைந்துவிட்டதால் இப்போது சின்ன ஜெனரேட்டராக வாங்கலாம் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். மற்ற சுமை இறங்கிவிட்டாலும் கம்ப்ரசர் கிளம்பும்போது கேட்பது குறையவில்லை. மெஷின்களைக் கூட்டிப் பார்த்து 20 கே.வி.ஏ. வாங்கினால் அந்த மூலையில் மறுபடி பெல்ட் இரண்டு சுற்றில் நிற்கும். அதோடு சர்வோ மோட்டாரின் கன்ட்ரோல் பாக்ஸ் வோல்ட்டேஜ் இறங்குவதைக் கிளட்ச் மோட்டாரைப் போலப் பொறுத்துக்கொள்ளாது, பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

போன வாரம் பெருமாநல்லூரில் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் சித்தப்பா மகன் போன் செய்தான். 15 எச்.பி. கம்ப்ரசர் வாங்கியிருக்கிறானாம். “அண்ணா, 62.5 பாக்கட்டுமா, 82.5 பாக்கட்டுமா?” என்றான். நேம் பிளேட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். ஸ்டார்ட்டர் என்ன என்று கேட்டால் தெரியவில்லை. மோட்டார் நிற்கும்போது சத்தம் வருகிறதா என்று கேட்டேன். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு போய் நின்றான், எனக்கும் கேட்டது. புஸ்ஸென்று வந்தது, ஆனால் நிற்கவில்லை, இழுத்துக்கொண்டே போனது. “வால்வு மாத்துடா மொதல்ல. அப்பறம் ஒரு ஆள வெச்சுக் கெளம்பறப்ப டாங் டெஸ்டர்ல என்ன காட்டுதுன்னு பாத்துச் சொல்லு. அந்த நம்பர் வந்தப்பறம் கே.வி.ஏ. பேசலாம்” என்றேன். வால்வு கிட் கோவையிலிருந்து வர வேண்டுமாம். திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.